அப்பத்தாவின் வாளியும் 36 லட்சம் ஜூலும்

காரைக்குடியில் முதுகலை இயற்பியல் படித்தபோது அறிவியல் எழுத்துக்கென்று ஒரு தாள் இருந்தது. வீட்டில் ஆகும் ஆற்றல் செலவைப் பற்றி எல்லோருக்கும் புரியும்படி ஒரு கட்டுரை எழுத வேண்டும். 25க்கு 11தான் வாங்கினேன்.

அடுப்பு வாயுவுக்கு பி.டி.யூ. (பிரிட்டிஷ் வெப்ப அலகு), சாப்பாட்டுக்குக் கலோரி, ஏசிக்கு டன், மின்சாரத்துக்கு யூனிட். எங்கெங்கே எப்படிக் கிடைத்ததோ அப்படியே இறக்கியிருந்தேன். ஓரத்தில் பேராசிரியர் சிவப்பு மையில் ஒரே வரி: "இதில் எது பெரிசு?" எனக்கே தெரியவில்லை.

அந்தத் தாள் எழுதப்போகிறவர்களுக்குச் சொல்கிறேன். முதலில் எல்லாவற்றையும் ஆற்றலின் பொது அலகான ஜூலுக்குக் கொண்டுவாருங்கள். ஒப்பீடெல்லாம் அதற்குப் பிறகு. 1 யூனிட் என்பது 1 கிலோவாட்-மணி, அதாவது 36 லட்சம் ஜூல், 3.6 மெகாஜூல். நம் வாசகருக்கு யூனிட் கைப்பழக்கம் என்பதால் அதையும் பக்கத்தில் வைக்கலாம், தப்பில்லை. ஆனால் 'கிலோவாட்/மணி' என்று கோடு போட்டுவிடாதீர்கள். நான் போட்டேன், 2 மதிப்பெண் போச்சு. அது பெருக்கல், வகுத்தல் இல்லை.

சாப்பாட்டுப் பேச்சில் வரும் கலோரி உண்மையில் கிலோகலோரி, சுமார் 4.2 கிலோஜூல். 'கிலோ'வை விட்டால் கணக்கு ஆயிரம் மடங்கு சறுக்கும். ஏசியின் டன் ஆற்றலே கிடையாது. ஒன்றரை டன் என்றால் அறையிலிருந்து வெப்பத்தை வெளியேற்றும் வேகம் சுமார் 5.3 கிலோவாட். மீட்டரில் ஓடுவது வேறு, அதைவிடக் குறைவு.

இன்னொரு கூத்து: மூலத்தில் 'சுமார் 10,000 பி.டி.யூ.' என்றிருந்ததை நான் கால்குலேட்டரைப் பார்த்து '10.55056 மெகாஜூல்' என்று எழுதினேன். 'சுமார்' போட்ட எண்ணுக்கு ஐந்து தசமம் எதற்கு? 11 மெகாஜூல் போதும்.

ஜூலாக மாற்றினால் மட்டும் படிப்பவர் மனதில் நிற்காது. மறுதேர்வுக்கு எங்கள் வளவுக் கிணற்றை எடுத்துக்கொண்டேன். 10 லிட்டர் தண்ணீரை 10 மீட்டர் தூக்க ஏறக்குறைய 1 கிலோஜூல் வேண்டும். அப்படியானால் 1 யூனிட் என்பது 3,600 வாளி. அந்தக் காலத்தில் விடிகாலையில் இறைத்து இறைத்துக் கை காய்த்துப்போன அப்பத்தாவிடம் அதை வாசித்துக் காட்டினேன்.

"மூவாயிரத்து அறுநூறு வாளியா!" என்றவர் மேலே பார்த்தார். "பிறகு ஏண்டா தம்பி, தொட்டி நிரம்பி வழியிறது தெரியாம மோட்டாரை ஓடவிட்டுட்டு இங்க வந்து வாசிச்சுக்கிட்டு இருக்கே?"