அமெரிக்கக் கார்களும் பிரிட்டிஷ் விமர்சகர்களின் அளவுகோலும்

பிரிட்டனில் வெளியாகும் கார் விமர்சனங்களைப் பல ஆண்டுகளாக விடாமல் படித்து வருகிறேன். 1895இல் தொடங்கிய ஆட்டோகார் இதழானாலும் பிபிசியின் டாப் கியர் நிகழ்ச்சியானாலும், அமெரிக்கக் கார் ஒன்று கைக்கு வந்துவிட்டால் தீர்ப்பு பெரும்பாலும் ஒரே தடத்தில்தான் போகும்: நேர்ச்சாலையில் பறக்கிறது, வளைவில் தள்ளாடுகிறது, உள்ளே பிளாஸ்டிக் மட்டம், பெட்ரோலைக் குடிக்கிறது. இதை வெள்ளைக்கார மிடுக்கு என்று ஒதுக்குவோர் உண்டு. வேதவாக்காக எடுத்துக்கொள்வோரும் நம்மிடையே உண்டு. இரண்டுமே சரியில்லை. அந்தத் தீர்ப்பு பிரிட்டனின் சாலைக்கும் வரிக்கும் நேர்மையாக இருக்கிறது. கடலூரிலிருந்து புதுச்சேரிக்குக் கார் ஓட்டுகிறவருக்கு அதில் பாதிதான் பயன்படும்.

வரியிலிருந்தே தொடங்கலாம். 1921 முதல் பிரிட்டனில் ஆண்டு வரியாகக் குதிரைத்திறன் ஒன்றுக்கு ஒரு பவுண்டு வசூலித்தார்கள்; அந்தக் குதிரைத்திறனையும் எஞ்சின் உண்மையில் தரும் சக்தியைக் கொண்டு அளக்காமல், சிலிண்டர்களின் விட்டத்தையும் எண்ணிக்கையையும் கொண்டே கணக்கிட்டார்கள். அகன்ற சிலிண்டர்கள் கொண்ட ஃபோர்டு மாடல் டி காருக்கு 23 பவுண்டு கட்ட வேண்டியிருந்தபோது, உள்நாட்டு மோரிஸ் கௌலிக்கு 12 பவுண்டு போதுமானதாக இருந்தது. 1940களின் இறுதியில் அந்த வரி போன பிறகும், சிறிய எஞ்சினை முறுக்கி ஓட்டுவதே ஓட்டுநரின் திறமை என்னும் ரசனை அவர்கள் எழுத்தில் தங்கிவிட்டது என்றே நினைக்கிறேன். மைலேஜ் ஒப்பீட்டிலும் ஓர் எச்சரிக்கை தேவை: அமெரிக்க கேலன் 3.785 லிட்டர், பிரிட்டிஷ் கேலன் 4.546 லிட்டர் என்பதால், அமெரிக்கக் கணக்கில் 25 மைல் தரும் கார் பிரிட்டிஷ் கணக்கில் 30 மைல் தரும் காராகிவிடும். நம் கணக்கில் இரண்டுமே லிட்டருக்கு 10.6 கிலோமீட்டர்தான்.

சஸ்பென்ஷன் விஷயத்தில் அவர்கள் சொன்னது பெருமளவு நியாயம். 1964இல் வந்த ஃபோர்டின் மஸ்டாங் கார், ஓரிரு சிறப்பு மாடல்களைத் தவிர, அரை நூற்றாண்டுக் காலம் லாரியைப் போல இரண்டு பின்சக்கரங்களையும் ஒரே அச்சில் பிணைத்தே ஓடியது. புதர்வேலிகளுக்கிடையே வளைந்து மேடுபள்ளமாகச் செல்லும் பிரிட்டனின் கிராமச் சாலையில் ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் மற்றதும் ஆட்டம் காணும். 2015 மாடலில்தான் தனித்தனிப் பின் சஸ்பென்ஷனும், தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்ட வலப்பக்க ஸ்டியரிங்கும் வந்தன. ஆனால் செவர்லேயின் கார்வெட் காரில் 1980களிலிருந்து 2019 மாடல் வரை இருந்த பட்டை ஸ்பிரிங்கைப் பழைய வண்டிப் பட்டை என்று அவர்கள் இகழ்ந்தது எனக்கு இன்றும் ஏற்புடையதல்ல. அது லாரியில் அடுக்கி வைத்த இரும்புப் பட்டை அன்று. கண்ணாடியிழையால் ஆன, குறுக்காகப் பொருத்தப்பட்ட, எடை குறைந்த ஒற்றைப் பட்டை.

பாதுகாப்பு குறித்து ஐரோப்பியச் சோதனையாளர்கள் காட்டிய கடுமையை நான் முழுமனதோடு வரவேற்கிறேன். அமெரிக்க அரசின் சோதனையில் 5 நட்சத்திரம் பெற்ற அதே தலைமுறை மஸ்டாங்குக்கு, 2017 ஜனவரியில், கார்களை மோதவிட்டுச் சோதிக்கும் ஐரோப்பிய அமைப்பான யூரோ என்காப் 2 நட்சத்திரம் மட்டுமே கொடுத்தது. மோதலில் ஏர்பேக் போதிய அளவு விரியவில்லை என்பதோடு, அமெரிக்காவில் கிடைத்த சில பாதுகாப்பு வசதிகள் ஐரோப்பிய விற்பனைக்கு வந்த கார்களில் இல்லை என்பதும் வெளிப்பட்டது. அதே ஆண்டில் திருத்தங்களுடன் வந்த மாடல் 3 நட்சத்திரம் பெற்றது.

அளவைப் பற்றிய புலம்பலும் பொய்யன்று. பிரிட்டனில் வழக்கமான பார்க்கிங் இடம் 4.8 மீட்டர் நீளம்; அந்த மஸ்டாங்கின் நீளம் 4.78 மீட்டர். இருபுறமும் ஸ்கூட்டர்கள் நிற்கும் புதுச்சேரி ரோமன் ரோலண்ட் வீதியில் கார் நிறுத்த இடம் தேடியவர்கள் இந்தக் குறையைச் சட்டென்று புரிந்துகொள்வார்கள்.

விந்தை என்னவென்றால், பிரிட்டிஷ்காரர்கள் ஃபோர்டை அமெரிக்கக் கம்பெனியாகவே நினைப்பதில்லை. வேல்ஸில் பிறந்த பொறியாளர் ரிச்சர்ட் பாரி-ஜோன்ஸின் மேற்பார்வையில் உருவாகி 1998இல் வந்த ஃபோகஸ், வளைவில் காட்டிய நிதானத்துக்காகப் போற்றப்பட்டது. மறைமலைநகரில் தயாரான ஐகான் காரும் ஐரோப்பிய ஃபியஸ்டாவின் வழியில் வந்ததே. ஆகவே நம் ஊரில் 'அமெரிக்க வண்டி கெட்டியாக இருக்கும்' என்று பாராட்டியவர்களில் பலர் உண்மையில் பாராட்டியது ஐரோப்பிய வடிவமைப்பைத்தான்.

பிரிட்டிஷ் அளவுகோலை அப்படியே பெயர்த்துக்கொண்டு ஸ்டியரிங்கின் உணர்வைப் பற்றி நீண்ட பத்திகள் எழுதும் தமிழ் விமர்சகர்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. ரெட்டிச்சாவடி தாண்டி கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று வேகத்தடைகளில் ஏறி இறங்கும்போது, பின்னிருக்கையில் முதுகுவலியோடு அமர்ந்திருக்கும் என் அம்மாவுக்குத் தேவைப்படுவது, பிரிட்டிஷ் விமர்சகர்கள் மெத்தை என்று ஏளனம் செய்யும் அமெரிக்கக் கார்களின் மென்மையான சஸ்பென்ஷன்தான். ஐந்து பேரையும் பெட்டிகளையும் ஏற்றி, மே மாத நடுப்பகலில் ஏசியை முழு வேகத்தில் வைத்து, டவுன் பஸ்ஸின் பின்னால் இரண்டாம் கியரில் அரை மணி நேரம் ஊர்ந்து பார்த்து, அதன் பிறகு எழுதுங்கள்.