நைரோபி போகும் வழியில் துபாயில் ஒரு நாள்

நைரோபியில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போக டிக்கெட் பார்த்தபோது, துபாயில் இருபத்தெட்டு மணி நேரம் காத்திருக்க வேண்டிய டிக்கெட்தான் குறைந்த விலைக்குக் கிடைத்தது. விமான நிலையத்திலேயே உட்கார்ந்து பொழுதைப் போக்கிவிடு என்றார்கள் வீட்டில். எனக்கு மனசு வரவில்லை. சென்னைக்கு வடக்கே காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையத்தின் ஆய்வகத்தில் பதினோரு வருஷமாக வேலை பார்க்கிறேன். ஓர் ஆறுகூட இல்லாமல், கடலைக் குடித்தே வளர்ந்த ஊர் துபாய். அதைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டுத் திரும்ப முடியுமா?

விசாவுக்காகப் பட்ட பாட்டை முதலில் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது உதவும். நம்மில் பலரைப் போல என் பாஸ்போர்ட்டிலும் பெயர் மட்டும்தான் இருந்தது, குடும்பப் பெயருக்கான கட்டம் காலி. பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் விசிட் விசாவில் உள்ளே விடமாட்டோம் என்று அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தது. அப்பா பெயர் பாஸ்போர்ட்டில் வேறு பக்கத்தில் இருந்தால் சரி என்று அப்புறம் ஒரு விளக்கமும் வந்தது. ஆனாலும் கவுன்டரில் நின்று விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க எனக்குத் தைரியம் இல்லை. 1500 ரூபாய் கட்டி, அப்பா பெயரைக் குடும்பப் பெயராகச் சேர்த்துப் புது பாஸ்போர்ட் வாங்கிக்கொண்டேன். இன்ஷியலோடு வாழ்ந்து பழகிய நம் ஊர்க்காரர்கள் இதை டிக்கெட் எடுக்கும் முன்பே பார்த்துவிட வேண்டும்.

அடுத்து, மண்ணடியில் ஓர் ஏஜென்ட். முன்பணம் வாங்கிக்கொண்டு மூன்று வாரம் "இன்னைக்கு வந்துடும்மா, நாளைக்கு வந்துடும்மா" என்றே ஓட்டினார். கடைசியில் பார்த்தால் விண்ணப்பமே போடவில்லை. டிரான்சிட் விசாவை அமீரக விமான நிறுவனம் வழியாகத்தான் வாங்க வேண்டும், அதுவும் கிளம்பும் முன்பே. 48 மணி நேர விசாவுக்குக் கட்டணம் கிடையாது, சேவைக் கட்டணம் மட்டும் உண்டு. 96 மணி நேரத்துக்கு 50 திர்ஹம். இரண்டையுமே நீட்டிக்க முடியாது. விமான நிறுவனத்தின் தளத்தில் பாஸ்போர்ட், போட்டோ, அடுத்த பயண டிக்கெட் மூன்றையும் நானே ஏற்றினேன். நான்காம் நாள் விசா வந்துவிட்டது. கென்யா போவதால் மஞ்சள் காய்ச்சல் ஊசியும் போட்டுக்கொண்டேன். அதைப் பத்து நாள் முன்னதாகவே போட்டால்தான் செல்லும்.

2024 ஜூன் கடைசி வாரம், விடியற்காலையில் இறங்கினேன். நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால் இருக்கும் ஊர், அதனால் பகல் நீளமாகக் கிடைத்தது. மூன்றாம் முனையத்திலிருந்தே மெட்ரோ இருக்கிறது. 25 திர்ஹம் கொடுத்து நோல் என்ற பயண அட்டை வாங்கினால் அதில் 19 திர்ஹம் பயணத்துக்கு. பெண்களுக்கான பெட்டியில் ஏறி உட்கார்ந்து தண்ணீர் பாட்டிலைத் திறந்தேன். பக்கத்தில் இருந்த மலையாளச் சேச்சி சட்டென்று கையைப் பிடித்து, "வேண்டாம் மோளே, நூறு திர்ஹம் பைன்" என்றார். வண்டிக்குள் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாதாம். அந்தக் கையை நான் மறக்கமாட்டேன்.

துபாயின் பழைய பகுதியான தேராவில் சின்ன லாட்ஜ். முகம் கழுவலாம் என்று குழாயைத் திறந்தால் கை பொசுங்குகிறது. மாடித் தொட்டியில் வெயில் காய்ச்சிய தண்ணீர். ரிசப்ஷனில் இருந்த கீழக்கரை பாய் சிரித்துக்கொண்டே வழி சொன்னார்: "கோடையில இங்க எல்லாம் தலைகீழ்ம்மா. ஹீட்டரை ஆஃப் பண்ணிட்டு சுடுதண்ணி குழாயைத் திறங்க, ஆறின தண்ணி வரும்." அறைக்குள் ஏசி குளிரில் இருக்கும் ஹீட்டர் தொட்டியில் நின்று ஆறுகிற தண்ணீர் அது. அப்படியே குளித்தேன். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டிடிஎஸ் பேனா என் பையில் எப்போதும் கிடக்கும், அதை எடுத்து ஒரு டம்ளர் தண்ணீரில் விட்டேன். 132 காட்டியது. வடசென்னை எர்ணாவூரில் எங்கள் வீட்டுப் பக்கத்துப் போர்வெல் தண்ணீர் இரண்டாயிரத்தைத் தாண்டும்.

அந்த 132க்குப் பின்னால் இருக்கும் உழைப்பு எனக்குத் தெரியும். நாங்கள் கடல்நீரை அதிக அழுத்தத்தில் சவ்வு வழியாகத் தள்ளி உப்பைப் பிரிக்கிறோம். 2010இல் தொடங்கிய நிலையம், நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர். அதற்கு இரண்டு மடங்குக்கு மேல் கடல்நீர் எடுக்க வேண்டும். துபாயின் ஜெபல் அலியில் பெரும்பகுதி வேறு முறையில் வளர்ந்தது: எரிவாயுவில் மின்சாரம் எடுத்து, மிஞ்சும் வெப்பத்தில் கடல்நீரை ஆவியாக்கிக் குளிர்விப்பது. நம் கடலில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு என்றால் அந்த வளைகுடாவில் 40ஐத் தாண்டும். வெளியே விடும் கழிவு உப்புநீர் போய்ச் சேர்வதும் அதே ஆழமில்லாத கடலில்தான். இந்த ஊரின் செல்வம் என்று எல்லாரும் கோபுரத்தைக் காட்டுகிறார்கள். எனக்குக் குழாய்தான் பெரிதாகத் தெரிந்தது.

காலை பத்து மணிக்குள் படகுத் துறைக்குப் போய்விட்டேன். ஒரு திர்ஹம் கொடுத்தால் அப்ரா என்ற மரப்படகில் அக்கரை. கடல் உள்ளே புகுந்து நிற்கும் உப்புக்கழி அது, டீசலும் பாசியும் கலந்த வாடை. கண்ணை மூடினால் எண்ணூர் முகத்துவாரம். இந்தக் கழியும் மணல் தூர்ந்து கிடந்ததுதான். எண்ணெய் கிடைத்தது 1966இல். அதற்கு முன்பே கடன் வாங்கி இதைத் தூர்வாரினார்கள், கப்பல் வந்தது, வியாபாரம் வந்தது. அந்தக் காலத்தில் இங்கே புழங்கியது நம் ரிசர்வ் வங்கி வெளியிட்ட வளைகுடா ரூபாய். எங்கள் முகத்துவாரம் அனல்மின் சாம்பலில் மேடாகிக்கொண்டே வருகிறது. படகை இழுத்துத் தள்ளிப் போகிற எங்கள் ஊர் மீனவர்கள் நினைவுக்கு வந்தார்கள். அக்கரை வருவதற்குள் தொண்டை அடைத்துவிட்டது.

லாட்ஜுக்குத் திரும்பியபோது பாய் ஏப்ரல் 16ஆம் தேதி மழையைப் பற்றிச் சொன்னார். எழுபத்தைந்து ஆண்டுகளில் இல்லாத மழை, விமான ஓடுபாதையே குளமானது. 2023 டிசம்பரில் எங்கள் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெயும் வீட்டுக்குள் வந்ததைச் சொன்னேன். சுவரில் கறுப்புக் கோடு இன்னும் இருக்கிறது. அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் தேநீர் வரவழைத்தார், காசு வாங்கவில்லை.

மதியம் வெளியே போனது தப்பு. வெயில் நெருப்பாகக் கொட்டியது. மெட்ரோ பாலத்தின் நிழலில் அட்டையை விரித்து வரிசையாகக் கட்டடத் தொழிலாளர்கள் படுத்திருந்தார்கள். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12.30 முதல் 3 மணி வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்று அங்கே சட்டம். எண்ணூர் நெடுஞ்சாலையில் கான்கிரீட் போடுகிறவர்களுக்கும் இது வேண்டும் என்று நிஜமாகவே ஆசைப்பட்டேன். மசூதிச் சுவரை ஒட்டி எவர்சில்வர் தண்ணீர்ப் பெட்டி ஒன்று, யார் வேண்டுமானாலும் குடிக்கலாம். நம் தண்ணீர்ப் பந்தல் மாதிரி. சங்கிலியில் கட்டிய டம்ளரில் இரண்டு தடவை பிடித்துக் குடித்தேன். பல் கூசும் குளிர்ச்சி.

மாலையில் புர்ஜ் கலீஃபா. 828 மீட்டர், மேலே ஏறவில்லை. அந்தக் கட்டடத்தின் ஏசியில் வடியும் தண்ணீரையே ஆண்டுக்கு ஏறத்தாழ 1.5 கோடி கேலன் சேர்த்துச் செடிகளுக்கு விடுகிறார்கள். ஏசி தண்ணீரை வாளியில் பிடித்துத் துணி துவைக்கும் எங்கள் தெருப் பெண்களுக்கு அந்தக் கணக்கு புரியும். கீழே ஏரியில் நீரூற்று எழுந்தது. ஒரு நேரத்தில் காற்றில் நிற்கும் தண்ணீர் 22,000 கேலன், அதாவது 9000 லிட்டர் லாரி ஒன்பது. 2019இல் ஒரு லாரிக்காக ராத்திரி இரண்டு மணிக்குக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டுக் காத்திருந்தவள் நான். ஒன்பது லாரியும் மேலே போய், விளக்கில் மின்னி, விழுந்தது. அழகாகத்தான் இருந்தது. கை தட்டினேன்.

பக்கத்தில் ஒரு பையன், கள்ளக்குறிச்சிப் பக்கம், வீடியோ காலில் அம்மாவுக்குக் காட்டிக்கொண்டிருந்தான். அந்த அம்மா நீரூற்றைக் கொஞ்ச நேரம்தான் பார்த்தார்.

"அது கெடக்கட்டும்பா. அந்த ஊர்ல ஆறு ஏதுப்பா? குடிக்கத் தண்ணி எங்கேருந்து வருது?"

அவன் என்னைப் பார்த்தான். "அக்கா, உங்களுக்குத் தெரியுமா?"

போனை வாங்கி, "கடல்லேருந்தும்மா" என்றேன்.

"உப்பு கரிக்காதா?"

பையிலிருந்து பேனாவை எடுத்தேன். அவன் பாட்டிலில் பாதி தண்ணீர் இருந்தது. மூடியைத் திறந்து நீட்டினான்.