எதிர்ச் சங்கத் தலைவரின் இழவு வீட்டுக்குப் போகிறவர்களுக்கு

தேயிலைத் தோட்டத்தில் எதிர்த் தொழிற்சங்கத்தின் தலைவர் கண்ணை மூடிவிட்டார் என்று செய்தி வந்ததும் நம்ம பக்கத்து ஆட்கள் கேட்பது ஒன்றுதான்: "போவோமா, வேணாமா?" கட்டாயம் போக வேண்டும். எப்படிப் போகிறோம் என்பதில்தான் சாமி கும்பிடுகிற நம் மனசு தெரியும்.

இலங்கை மலையகத்தில் இந்தச் சங்கடம் இல்லாத தோட்டம் அபூர்வம். 1939இல் இலங்கை இந்தியக் காங்கிரஸாகத் தொடங்கிய அமைப்பு எத்தனை தடவை பிளந்தது! அதன் தலைவர்கள் தொண்டமானும் அஸீஸும் பிரிந்தார்கள். பிறகு தொண்டமான் பக்கத்திலிருந்து சந்திரசேகரன் வெளியேறி மலையக மக்கள் முன்னணியைக் கட்டினார். ஒரே லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், மாமனுக்கு ஒரு சங்கம், மருமகனுக்கு ஒரு சங்கம். அதனால் அங்கே கிடத்தியிருப்பவர் பெரும்பாலும் நமக்கும் ஏதோ ஒரு முறைக்காரர்தான்.

கூட்டமாக வேனில் போய் இறங்காதீர்கள். லயத்து இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) பெட்டியை வைத்து, சுற்றிப் பெண்கள் உட்கார்ந்தால் அதற்கு மேல் நாலு பேர் நிற்க இடமிருக்காது. இரண்டு, மூன்று பேராகப் போங்கள். சங்கக் கலர் ரிப்பன் இல்லாத மாலை போதும். கொடி போர்த்துவது அவர்கள் சங்கத்தின் உரிமை, அதன் மேல் நம் சால்வையைப் போட்டால் அந்த இடத்திலேயே சண்டை வரும். வாய்க்கரிசிக்கு முண்டியடிக்காதீர்கள், அது சொந்தக்காரர்களுக்கு உள்ளது. பெரியவர் யாராவது கூப்பிட்டால் மட்டும் போடுங்கள்.

அந்த வீட்டில் சமையலுக்கு அடுப்பு எரியாது, ராத்திரி முழுக்கப் பிளேன்டீ மட்டும் ஓடும். கோப்பைக்கு 2 கிராம் என்று பார்த்தால் அரைக் கிலோ தேத்தூளில் 250 கோப்பை வரும், அதற்கு இரண்டரைக் கிலோ சீனி வேண்டும். மலர் வளையத்துக்குச் செலவழிப்பதைவிட இதை வாங்கி, பின்வாசல் வழியாக அடுப்படியில் கொடுத்துவிடுவது மேல். இன்னும் பெரிய உதவி குழி வெட்டுவது. மழைக்காலத்தில் ஊற்றுத் தண்ணீர் சுரக்கும், கல் குறுக்கிடும். கடப்பாறையோடு நம் இளைஞர்கள் நாலு பேர் காலையிலேயே போய் நின்றால் அந்தக் குடும்பம் காலத்துக்கும் மறக்காது. தேயிலை மலைக்குள் வழுக்கும் ஒற்றையடிப் பாதையில் தோள் மாற்றவும் ஆள் வேண்டும். அப்போது தோள் கொடுப்பவன் எந்தச் சங்கம் என்று யாரும் கேட்பதில்லை.

"நாங்க அவரை மன்னிச்சிட்டோம்" என்று மைக்கில் சொல்வதுதான் இதில் பெரிய பிழை. அது செத்தவரைக் குற்றவாளியாக்கி, அவர் மனைவி பிள்ளைகளைத் தலைகுனிய வைக்கிறது. ராவணன் விழுந்த பிறகு இறுதிக்கடன் செய்யத் தயங்கிய விபீஷணனிடம் ராமன், பகை மரணத்தோடு முடிந்தது, உனக்கு அவன் எப்படியோ எனக்கும் அப்படியே, கடனைச் செய் என்கிறான். சீதா எலியக் கோயிலுக்கு வருஷம் தவறாமல் போகிற நமக்கு இந்தக் கட்டம் தெரியாததல்ல. ராமன் ஊரைக் கூட்டிச் சொல்லவில்லை, செத்தவன் தம்பியிடம்தான் சொன்னான். சொன்ன கையோடு காரியம் நடந்தது. வேதக்கார (கிறிஸ்தவ) வீடென்றால் செபம் முடியும்வரை இருந்துவிட்டு வாருங்கள். எங்களுக்குத் தீமை செய்தவர்களைப் பொறுப்பது போல என்ற வரியை அவர்களோடு சேர்ந்து நாமும் சொல்லலாம்.

பேசச் சொன்னால் அவர் செய்த நல்லது ஒன்றை, நடந்தது நடந்தபடி சொல்லுங்கள். லயத்துக்குத் தண்ணீர்க் குழாய் கொண்டு வந்திருக்கலாம், வேலை நிறுத்தத்தில் கடைசிவரை நின்றிருக்கலாம். இல்லாத புகழைக் கூட்டிச் சொல்லாதீர்கள், கேட்கிற சனத்துக்கு எல்லாம் தெரியும்.

மன்னிப்புக்கு ஒரு எல்லை உண்டு. நம்மைத் திட்டியது, நம் கூட்டத்தைக் குழப்பியது போன்றவற்றை நாம் விட்டுவிடலாம். தேர்தல் நேரத்துக் கைகலப்புக்காகக் கொடுத்த பொலிஸ் முறைப்பாட்டைச் சமாதானமாக முடித்துக்கொள்ளலாம். ஆனால் தொழிலாளியின் சந்தாப் பணமோ, ஓர் ஆளுக்கு வர வேண்டிய சேவைக்காலப் பணமோ சம்பந்தப்பட்டிருந்தால் அதை மன்னிக்க நாம் யார்? பணத்தை இழந்தவர்தான் சொல்ல வேண்டும். அந்தக் கணக்கைக் கருமாதிக்குப் பிறகு அவர்கள் சங்கக் காரியாலயத்தில் கேளுங்கள், விதவையின் வாசலில் கேட்காதீர்கள்.

கருமாதி முடியும்வரை அந்த லயத்துக்கு அங்கத்தவர் படிவத்தைக் கொண்டு போகக் கூடாது. தலைவர் இல்லாத நேரம் பார்த்து ஆள் சேர்க்க வந்தார்கள் என்று பேர் எடுத்தால் அதுவரை செய்த அத்தனையும் பாழ். தீட்டுக் கழிந்ததும் கோயில் கமிட்டியிலிருந்து இரண்டு பேர் போய் அவர் மகனைக் கூப்பிட வேண்டும். தேர்த் திருவிழாவில் தகப்பனுக்குக் கட்டி வந்த பரிவட்டத்தை, கமிட்டி இப்போது நம் கையில் இருந்தாலும், மகனுக்கே கட்டுங்கள்.