சங்கு மூன்று கட்டை, பாட்டு ஆறு கட்டை: பழைய கேம் இசையை ஆர்க்கெஸ்ட்ராவுக்கு மாற்றிய குறிப்புகள்

எடுத்துக்கொண்டது 1985-இல் நின்டெண்டோ வெளியிட்ட சூப்பர் மாரியோ பிரதர்ஸில் வரும் தண்ணீருக்கடி இசை. இசையமைத்தவர் கோஜி கோண்டோ. சி மேஜர், மூன்று அடி வால்ட்ஸ். நம் கணக்கில் ஒரு கட்டை ஸ்ருதி, தகிட தகிட என்று நடக்கும் திஸ்ரம். ராமேஸ்வரத்துக்கு முன்னால் இருக்கும் மண்டபம் ஊரின் கடலோரத்தில் உட்கார்ந்து செய்ய இதைவிடப் பொருத்தமான மெட்டு கிடைக்காது.

இன்றைய நிலவரம்: ஸ்கோர், அதாவது எல்லா வாத்தியத்துக்குமான இசைக்குறிப்பு, 144 பார் (ஒரு பார் என்பது மூன்று அடி) முடிந்தது. பதிவு செய்த வாத்திய ஒலிகள் அடங்கிய சாம்பிள் லைப்ரரியைக் கொண்டு கணினியில் முழு மாக்-அப் (மாதிரிப் பதிவு) முடிந்தது. சங்கு பதிவாகிச் சேர்ந்துவிட்டது. உயிர் வயலின் ஒரு லேயர் மட்டும் பாக்கி.

சிப்பைப் படிப்பது

இந்தக் கேம் ஓடும் நின்டெண்டோ செட்டில் ஒலி எழுப்பும் ரிக்கோ 2ஏ03 சிப்பில் ஐந்து சேனல்: இரண்டு பல்ஸ், ஒரு ட்ரையாங்கிள், ஒரு நாய்ஸ், ஒரு சாம்பிள் சேனல். இந்தக் கேமில் கடைசிச் சேனலுக்கு வேலை இல்லை. கேமின் இசை மட்டும் அடங்கிய என்எஸ்எஃப் கோப்பை, சிப் இசைக்கான மென்பொருள் ஃபாமிஸ்டூடியோவில் திறந்து, ஒவ்வொரு சேனலாக மற்றவற்றை மியூட் செய்து தனித்தனி வேவ் கோப்பாக எடுக்க வேண்டும். பிறகு இசைக்குறிப்பு எழுதும் மென்பொருளான மியூஸ்ஸ்கோர் 4-இல் நான்கு வரியில் எழுதிக்கொள்ளலாம். ஃபாமிஸ்டூடியோவிலிருந்து மிடியாக (ஒலி இல்லாமல் நோட்டு விவரம் மட்டும் இருக்கும் கோப்பாக) எடுத்து நேரே ஸ்கோரில் இறக்குவது சுலபம்தான். ஆனால் அப்படி இறக்கினால் பிரேம் பிரேமாக வெட்டுப்பட்ட நோட்டுகள் முப்பத்திரண்டில் ஒரு பங்கு, அறுபத்து நான்கில் ஒரு பங்கு என்று சிதறி விழும். அதைச் சுத்தம் செய்யும் நேரத்தில் காதால் கேட்டு இரண்டு முறை எழுதிவிடலாம்.

இங்கேதான் பெரும்பாலான ஆர்க்கெஸ்ட்ரா முயற்சிகள் தடம் மாறுகின்றன. சிப் வாசிப்பதை அப்படியே எழுதக் கூடாது. எந்தக் குறையை ஈடுகட்ட அந்தத் தந்திரம் வந்தது என்று பார்த்து, அந்தக் குறை இல்லாத இடத்தில் இசையமைப்பாளர் என்ன கேட்டிருப்பார் என்பதை எழுத வேண்டும். எட்டு பிட் இசையில் அடிக்கடி கண்ணில் படுபவை சில. ஒரே சேனலில் மூன்று ஸ்வரம் மின்னல் வேகத்தில் மாறி மாறி வந்தால் அது அலங்காரம் அல்ல, கார்டு, அதாவது சேர்ந்து ஒலிக்க வேண்டிய ஸ்வரங்கள். ஒரு கார்டாகவே எழுதிவிட வேண்டும். இரண்டாம் பல்ஸ் அதே மெட்டைக் கொஞ்சம் தள்ளி, சத்தம் குறைத்து வாசித்தால் அது எக்கோ. அதை இரண்டாம் வயலினுக்கு எழுதினால் பாட்டு தடுமாறுவது போலக் கேட்கும். அதை ஹாலின் ரிவெர்ப் பார்த்துக்கொள்ளும். ட்ரையாங்கிள் ஒரே நொடியில் மேலிருந்து கீழே சரிந்தால் அது பேஸ் அல்ல, டிரம்.

ட்ரையாங்கிளுக்கு வால்யூம் கட்டுப்பாடே கிடையாது. ஒலிக்கும் அல்லது நிற்கும், அவ்வளவுதான். அதனால் பேஸ் எப்போதும் ஒரே அழுத்தத்தில் நிற்கிறது. அதைச் செல்லோவில் நீட்டி வாசித்தால் வால்ட்ஸ் கனத்துப் போகிறது. முதல் அடிக்கு மட்டும் டபுள் பேஸ் பிட்ஸிக்காட்டோ (விரலால் தந்தியைச் சுண்டுவது), இரண்டு மூன்றாம் அடிக்கு வியோலாவும் ஹார்ப்பும் என்று பிரித்ததும் மூச்சு வந்தது. இன்னொரு கணக்கும் உண்டு: ட்ரையாங்கிள் 27 ஹெர்ட்ஸ் வரை இறங்கும். நான்கு தந்தி டபுள் பேஸ் 41 ஹெர்ட்ஸ் ஈ-யில் நின்றுவிடும். அதற்குக் கீழே போகும் நோட்டை ஓர் ஆக்டேவ் ஏற்ற வேண்டும். ஏற்றும்போது அந்த ஒரு நோட்டை மட்டும் ஏற்றாமல் அந்தச் சொற்றொடர் முழுவதையும் ஏற்றினால்தான் ஒட்டுப்போட்டது தெரியாது.

வேகம்

இந்தச் சிப் இசை பெரும்பாலும் டிவி பிரேமோடு கட்டப்பட்டது. ஜப்பான், அமெரிக்க செட்டில் விநாடிக்கு 60.0988 பிரேம். ஓர் அடிக்கு 24 பிரேம் என்றால் 60.0988 × 60 ÷ 24, அதாவது நிமிடத்துக்கு 150.25 அடி. அதே கேம் நம் 50 ஹெர்ட்ஸ் டிவிக்கான செட்டில் திருத்தமின்றி ஓடினால் 125 ஆகிவிடும். பல கேம் அடங்கிய கேசட்டில் இதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு மூல வேகம் அவசரமாகத் தெரிவதற்கு இது ஒரு காரணம். இங்கே 138 வைத்திருக்கிறது. ஒரு பார் 1.3 விநாடி, 144 பார் 3 நிமிடம் 8 விநாடி.

மூலம் ஒரு சிறு சுற்று, திரும்பத் திரும்ப வருவது. அதையே நான்கு முறை ஒட்டி ஒவ்வொரு முறையும் ஒரு வாத்தியம் கூட்டுவது அலுப்புத் தட்டும். பிரித்த விதம் இது: முன்னுரை 8 பார், கிளாரினெட்டில் மெட்டு 32, ஸ்ட்ரிங்ஸில் மெட்டும் ஓபோவில் கவுண்டரும் (எதிர்மெட்டும்) 32, மைனருக்குத் திரும்பி மெல்ல 24, முழு ஆர்க்கெஸ்ட்ரா 32, அடங்கும் பகுதி 16. அந்த 24 பார் மைனர்தான் மற்ற எல்லாவற்றையும் காப்பாற்றுகிறது. அது இல்லாமல் கடைசி 32 பாருக்கு எழுச்சி கிடையாது.

சங்கு

ஹார்னோடு சேர்த்து ஒரு சங்கு என்பது தொடக்கத்திலேயே முடிவு. மன்னார் வளைகுடாச் சங்குக்கு இந்தக் கரையில் இருக்கும் இடம் எல்லோருக்கும் தெரியும். நுனி வெட்டிய ஊதுசங்கு ஒன்று போதும். அதற்குச் ஸ்ருதி சேர்க்க வழியில்லை, அது பிறந்த ஸ்ருதியில்தான் ஊதும். கையில் கிடைத்தது ட்யூனர் ஆப்பில் 338 ஹெர்ட்ஸ் காட்டியது. ஈ என்பது 329.6. அதாவது மூன்று கட்டைக்கு 43 சென்ட் மேலே (நூறு சென்ட் ஓர் அரை ஸ்வரம்).

சி மேஜரில் ஈ காந்தாரம். காந்தாரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும் சங்கு மெட்டோடு இடிக்கும். சங்கைக் கணினியில் மூன்று அரை ஸ்வரம் ஏற்றி ஜி ஆக்கிப் பார்த்ததில் பொம்மைக் குழல் போல மெலிந்துவிட்டது. ஆகவே சங்கை விட்டுவிட்டுப் பாட்டை நகர்த்தியாயிற்று: சி-யிலிருந்து ஏ-க்கு, ஒரு கட்டையிலிருந்து ஆறு கட்டைக்கு இறக்கம். இப்போது சங்கின் ஈ பஞ்சமம். கணினியில் இறக்க வேண்டியது வெறும் 43 சென்ட், அவ்வளவு இறக்கினால் சங்கின் குரல் மாறியது காதுக்குத் தெரியாது. இதைக் கண்டுபிடித்த அன்றுதான் இந்த வேலை நிச்சயம் முடியும் என்ற நம்பிக்கை வந்தது.

நகர்த்தியதால் வந்த பக்கவேலைகள்: இரண்டாம் வயலின் வரியில் சில இடம் ஜி தந்திக்கும் கீழே போனது, அவை வியோலாவுக்கு மாறின. பி ஃப்ளாட் கிளாரினெட்டுக்கு எழுதினால் ஐந்து ஷார்ப் விழுகிறது. ஏ கிளாரினெட் என்று போட்டால் ஒரு ஷார்ப்பும் இல்லை.

பதிவுக்கு இடம் பார்ப்பது தனி வேலை. மன்னார் வளைகுடாப் பக்கம் அலை ஓயாது. பாக் நீரிணைப் பக்கம், தேவிபட்டினம் தொண்டி திசையில், தண்ணீர் பெரும்பாலும் சலனமில்லாமல் கிடக்கும். ராமேஸ்வரத்தில் ஆண் கடல், பெண் கடல் என்று சும்மா சொல்லவில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகு எஞ்சின் சத்தமும் இருக்காது. அறைக்குச் சுவரில் மீன்வலை தொங்கவிட்டால் எதிரொலி குறையும் என்று பலர் நம்புகிறார்கள். குறையாது, வலையில் சத்தத்தைப் பிடிக்க ஒன்றும் இல்லை. ஜமக்காளம் இரண்டு மடிப்பாக, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளித் தொங்க வேண்டும். அதைவிடப் பனை ஓலைக் கொட்டகை நல்லது. ஓலையடுக்கு மேல் அலைவரிசையை நன்றாக விழுங்கிவிடுகிறது. ஆனால் வெளிச்சத்தம் உள்ளே வரும் என்பதால் காற்று விழுந்த அதிகாலைதான் சரி.

மைக் சங்கின் வாய்க்கு நேரே வேண்டாம். ஒன்றரை மீட்டர் தள்ளி, 45 டிகிரி பக்கவாட்டில், மைக்கில் 10 டிபி பேட் (உள்வரும் சத்தத்தைக் குறைக்கும் சுவிட்ச்) போட்டு, 48 கிலோஹெர்ட்ஸ் 24 பிட்டில், உச்சம் மைனஸ் 12 டிபியைத் தாண்டாமல் வைக்க வேண்டும். முதல் இரண்டு மூன்று ஊதலைப் பதிவு செய்யாமல் விட வேண்டும். மூச்சுச் சூட்டில் உள்ளே இருக்கும் காற்று சூடாகி ஸ்ருதி ஏறும். நான்கு டிகிரி ஏறினால் ஏறத்தாழ 11 சென்ட். ஐந்தாறு ஊதலுக்குப் பிறகு சுருளுக்குள் நீர் கட்டிக் களகளவென்று ஒரு சத்தம் பின்னால் ஓடும். பதிவின்போது அது கேட்காது, ஹெட்போனில்தான் தெரியும். வாயைக் கீழே கவிழ்த்து, சுருள் போகும் திசைக்கு எதிராக மெல்லச் சுற்றினால் சொட்டுச் சொட்டாக வந்துவிடும். உதறினால் வராது.

எட்டு டேக், இரண்டு அழுத்தத்தில். மூன்றாவதாக மெல்லிய அழுத்தம் சங்கில் நிற்கவில்லை, காற்றுதான் வந்தது. தொடக்கத்தில் 150 மில்லிவிநாடி போல ஸ்ருதி கீழிருந்து வழுக்கி ஏறும். அதை முழுக்க வெட்டினால் சங்கு சங்காக இருக்காது. பாதியை விட்டு மீதியை வெட்டியதில் சரியாக வந்தது. பதிவை வாத்தியமாக வாசிக்கவைக்கும் எஸ்எஃப்இசட் கோப்பில் மையச் ஸ்வரம் 64 (மிடி எண்ணில் ஈ), ட்யூன் மைனஸ் 43, லூப் கிராஸ்ஃபேடு 400 மில்லிவிநாடி, ரிலீஸ் 0.6 விநாடி. அந்தக் கோப்பை ஸ்ஃபோர்ஸாண்டோ பிளேயரில் ஏற்றினால் போதும்.

சங்கு தனியாக 10, 15 சென்ட் ஆடும். அதே ஈ-யை ஒரு ஹார்ன் 6 டிபி குறைவாகச் சேர்ந்து பிடித்தால் ஆட்டம் அழகாகிவிடுகிறது. மொத்தப் பாட்டில் நான்கே இடம், ஒவ்வொன்றும் நான்கு பார். டி மேஜர் கார்டு வரும் இடத்தில் ஈ உரசுவதால் அங்கே சங்குக்கு வேலையில்லை. மைனர் பகுதியில் எஃப் ஷார்ப் மைனருக்கு மேல் அதே ஈ ஏழாம் ஸ்வரமாக நிற்கும்போதுதான் இந்த ஏற்பாட்டின் முழு அழகும் தெரிகிறது.

மாக்-அப்

சாம்பிள் லைப்ரரி ஸ்பிட்ஃபயரின் பிபிசி சிம்ஃபனி ஆர்க்கெஸ்ட்ரா டிஸ்கவர், அதில் இல்லாதவற்றுக்கு விஎஸ்சிஓ 2 கம்யூனிட்டி, பதிவு மென்பொருள் ரீப்பர். செலவு குறைவு, ஆரம்பத்துக்குத் தாராளம். முதலில் செய்ய வேண்டியது தாமதம் அளப்பது. சாம்பிள் வயலின் நோட்டு விழுந்த இடத்தில் ஒலிக்காது, வில் இழுபட்டு எழும்பவே நேரம் ஆகும். கிளிக்கோடு (அடியைக் காட்டும் தட்டொலியோடு) ஒரு நோட்டைப் பதிந்து அலைவடிவில் பார்த்ததில் நீள் வயலின் 140 மில்லிவிநாடி, கிளாரினெட் 60, பிட்ஸிக்காட்டோ 35, சங்கு 90. அந்தந்த ட்ராக்கின் ஆஃப்செட்டில் அதே எண்ணை மைனஸில் போட்டதும் தளர்ந்து கிடந்த பாட்டு நிமிர்ந்தது. நோட்டுகளைக் கையால் நகர்த்தினால் பிறகு ஸ்கோரோடு ஒத்துப்பார்க்க முடியாமல் போகும்.

வால்ட்ஸின் ஆட்டத்துக்கு இரண்டாம் அடியை 25 மில்லிவிநாடி முன்னால் இழுத்தது பெரிய வித்தியாசம். துணை வாத்தியங்களில் மட்டும்தான், மெட்டு இடம் மாறக் கூடாது. வியன்னா வால்ட்ஸ்காரர்கள் செய்வது இதுதான்.

டிஸ்கவரில் அறையின் ஒலி சாம்பிளிலேயே இருக்கிறது, சங்கோ வறண்டது. சங்குக்கு மட்டும் 1.8 விநாடி ரிவெர்ப், 4 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் கொஞ்சம் குறைப்பு. பிறகு எல்லாவற்றுக்கும் பொதுவாக 2.2 விநாடி, அதன் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டு. கடைசிச் சத்த அளவு மைனஸ் 17 லஃப்ஸ் (காதுக்குக் கேட்கும் சராசரிச் சத்தத்தின் அலகு), உச்சம் மைனஸ் 1 டிபி. பின்னணியில் அலைச்சத்தம் சேர்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். அலை எல்லா அலைவரிசையிலும் பரவியிருப்பதால் மெல்லிய வயலினை மூடிவிடுகிறது. எடுத்துவிட்டோம்.

உப்புக்காற்றுக்கு ஒரு வார்த்தை: மைக், கேபிள் முனை எல்லாம் சிலிக்கா ஜெல்லோடு மூடிய டப்பாவில். பித்தளை முனை பச்சை பிடித்தால் முதலில் வருவது கரகரப்பு. அதை மைக் பழுது என்று நினைத்து அலைய வேண்டாம்.

பாக்கி: வயலின்

சாம்பிள் ஸ்ட்ரிங்ஸுக்கு மேல் ஒரே ஓர் உயிர் வயலின் வைத்தாலும் மொத்தமும் உயிர் பெறும். இந்தப் பக்கம் கிடைப்பது கர்நாடக சங்கீத வயலின், ச ப ச ப என்று சேர்த்தது. ஆறு கட்டைக்கு அது ஏ, ஈ, ஏ, ஈ. மேல் இரண்டு தந்தியும் வெஸ்டர்ன் ட்யூனிங்கிலேயே நிற்கும், கீழ் இரண்டை ஒரு முழு ஸ்வரம் ஏற்றினால் போதும். ஆறு கட்டைக்கு வந்ததால் கிடைத்த எதிர்பாராத லாபம் இது. ஸ்டாஃப் நொட்டேஷன் கொடுப்பதைவிட ஸ்வரமாக எழுதிக் கொடுப்பது நல்லது. காந்தாரத்திலும் நிஷாதத்திலும் கமகம் வேண்டாம் என்று அந்தந்த எழுத்தின் மேலேயே குறி போட வேண்டும். முதலிலேயே வாயால் சொன்னது நான்காவது பாரில் மறந்துபோகும். கிளிக்கை மூன்று அடிக்கும் போட்டால் வில் இறுகிவிடுகிறது. முதல் அடிக்கு மட்டும், நிமிடத்துக்கு 46. ஸ்ட்ரிங்ஸ் பகுதியின் 32 பாரும் ஸ்வரமாக எழுதி முடிந்தது, தந்தியை முறுக்கும் பிரடை ஈரத்தில் இறுகாத நாளாகப் பார்த்துப் பதிவு.