ஈயம் வைத்த முனைகள்

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒயர் முனைக்கு ஈயம் வைப்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு. இழைகள் பிரியாமல், பளபளவென்று ஸ்க்ரூ டெர்மினலுக்குள் போய் உட்காரும். அதிர்வுச் சல்லடை ஒன்றின் ஜங்ஷன் பாக்ஸை முழுக்க அப்படித்தான் கட்டினேன்.

சில வாரங்களில் மெஷின் தானாக நிற்க ஆரம்பித்தது. நின்றபின் மல்டிமீட்டர் வைத்தால் எல்லாம் சரியாக இருக்கும். ஓடவிட்டால் மறுபடி நிற்கும். சென்சாரை மாற்றினோம், ரிலேயை மாற்றினோம். கடைசியில் மூத்த எலக்ட்ரீஷியன் ஒருவர் பாக்ஸைத் திறந்து ஒவ்வொரு ஒயராக இரண்டு விரலால் இழுத்தார். மூன்றாவது ஒயர் கையோடு வந்துவிட்டது.

"நல்லா டைட் வெச்சேன் அண்ணே."

"நீ வெச்ச. ஈயம் நகந்துடுச்சு தம்பி."

பற்றவைக்கும் ஈயம் மெத்தென்றது. ஸ்க்ரூ அழுத்திக்கொண்டே இருந்தால் மெல்ல மெல்ல ஒதுங்கிவிடும், பிடி தளரும். இன்னொரு ஒயர் வேறு விதமாகப் போயிருந்தது. இன்சுலேஷனுக்குள் ஈயம் ஏறி நின்ற இடத்தில் பாதி இழைகள் அறுந்திருந்தன. விறைத்த பகுதி முடிந்து வளையும் பகுதி தொடங்கும் அந்தப் புள்ளிதான் ஆட்டம் முழுவதையும் வாங்குகிறது.

அப்புறம் கிரிம்பிங்குக்கு மாறினேன். ஒயர் முனையில் லக் என்ற உலோக முனையைச் சொருகி, டூலால் நசுக்கி இறுக்குவதுதான் அது. ஒயருக்கேற்ற லக், லக்குக்கேற்ற டை (நசுக்கும் அச்சு) என்று அமைந்தால் இழைகள் காற்றுகூடப் புகாமல் இறுகிவிடும். லக்குக்குச் செலவழிப்பவர்கள்கூட டூலில் கஞ்சத்தனம் காட்டுவார்கள். பிளேயரால் நசுக்கியதை நான் கிரிம்ப் என்று ஒப்புக்கொள்வதில்லை. முழுதாக அழுத்தாமல் வாய் திறக்காத ராட்செட் டூல் வேண்டும். மோட்டார் டெர்மினலுக்கு எப்போதும் முழு வளையமான ரிங் லக்தான். நட்டு கொஞ்சம் தளர்ந்தாலே வாய் திறந்த ஃபோர்க் லக் நழுவிவிடும்.

பேனலுக்குள், ஸ்க்ரூவுக்குப் பதில் ஸ்பிரிங்கே ஒயரைப் பிடிக்கும் ஸ்பிரிங் டெர்மினல். செம்பு கொஞ்சம் அமுங்கினாலும் ஸ்பிரிங் விடாமல் அழுத்திக்கொண்டிருக்கும். வாகோ கம்பெனி 1977-லேயே கேஜ் கிளாம்ப் என்ற இந்த ஸ்பிரிங் பிடியைக் கொண்டுவந்துவிட்டது. ஆனாலும் நான் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைக்கப் பல வருடம் ஆனது.

சொருகும் கனெக்டர்களில் தொல்லை வேறு. தகரப் பூச்சுப் பின்கள் கண்ணுக்குத் தெரியாத அளவில் உரசி உரசி ஆக்ஸைடு படிந்துவிடும். கழற்றி மாட்டினால் சரியாகும், ஆனால் சில நாளைக்குத்தான். சென்சார் மாதிரி சின்னக் கரண்ட் போகும் இடங்களில் தங்கப் பூச்சுக்குச் செலவழிப்பது வீணில்லை.

அந்தப் பாக்ஸைக் கடைசியில் சல்லடையின் உடம்பிலிருந்து இறக்கி, ஆடாத ஃப்ரேமில் மாட்டினோம். நடுவில் கேபிளுக்கு ஒரு தளர்வான வளைவு, இரண்டு முனையிலும் ஒரு கிளாம்ப். முதல் நாளே செய்திருக்கலாம்.