குதிரையின் வலப்பக்கம்

யாழ்ப்பாணம் மருதனார்மடத்தில் சித்திரமும் வடிவமைப்பும் படிக்கும் எங்களிடம் ஒவ்வொரு ஒப்படையோடும் அரைப் பக்கக் குறிப்பு ஒன்று கேட்பார்கள்: இந்த வேலைக்கு உங்களுடைய உந்துதல் என்ன? இயற்கை, அம்மா, போர், தனிமை என்று ஆளாளுக்கு எழுதிக் கொடுப்போம். எழுதியவற்றை வாசித்துப் பார்த்தால், யாருடைய குறிப்பையும் யாருடைய வேலைக்குக் கீழும் ஒட்டிவிடலாம். ஒரு வாகனப் பட்டறையில் பகுதிநேர வேலைக்குச் சேர்ந்த பிறகு அந்த அரைப் பக்கம் எனக்கு இன்னும் கஷ்டமாகிவிட்டது. ஏனென்றால் அங்கே வேலை தொடங்குவது உந்துதலில் அல்ல, ஓடரில்.

வாகனம் என்றால் சுவாமி எழுந்தருளும் வாகனம்தான். குதிரை, இடபம், மயில், அன்னம், யாளி, கைலாச வாகனம். யாழ்ப்பாணக் குடாநாடு முழுக்கச் சுண்ணாம்புக்கல். கருங்கல்லை வெளியிலிருந்துதான் கொண்டுவர வேண்டும். அதனாலோ என்னவோ, எங்கள் ஊர்க் கைகள் மரத்திலும் கோபுரச் சுதையிலும்தான் அதிகம் பழகியிருக்கின்றன. இணுவில் கந்தசுவாமி கோயிலின் மரச்சிற்பங்கள் நிறைந்த பெருமஞ்சத்தை ஒருமுறை கிட்ட நின்று பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. சிற்பம் என்றதும் மாமல்லபுரத்தையும் மைக்கலாஞ்சலோவையும் காட்டும் எங்கள் வகுப்புகளில் அந்த மஞ்சத்துக்கும் ஒரு முழு நாள் ஒதுக்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

பட்டறையில் என்னுடைய வேலை படம் எடுப்பது. லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கும் கோயில் சபைக்காரருக்கு ஒவ்வொரு கட்டத்தையும் வட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும்; படம் போனால்தான் அடுத்த தவணைக் காசு வரும். பட்டறைச் சிற்பியான பெரியவர் முதலில் என்னைப் பெரிதாகக் கணக்கெடுக்கவில்லை. பட்டறையில் பெண்பிள்ளைகள் நின்று பழக்கமும் இல்லை. உளி பிடித்த கை போனில் படம் எடுத்தால் திரை முழுக்க மரத்தூள், அதனால் ஒரு ஆள் தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

தகரக் கூரை, ஒரு பக்கம் மட்டும் திறப்பு. பத்து மணிக்குப் பிறகு வெயில் அந்தப் பக்கத்தால் சரிந்து விழும். வெளிச்சம் படுகிற கன்னம் வெளிறிப்போகும், மற்றக் கன்னம் கறுப்பாகிவிடும். வகுப்பில் படித்த ஒரு விஷயம் அங்கேதான் கைகொடுத்தது. 1840களில் இங்கிலாந்தில் புகைப்படக்கலையின் முன்னோடிகளில் ஒருவரான ஃபொக்ஸ் டால்பொட் ஒரு கிரேக்க வீரனின் மார்பளவுச் சிலையைத் திரும்பத் திரும்பப் படம் எடுத்தார். அந்தக் காலத்துப் படத்தாள் பதிய நேரம் எடுக்கும், உயிருள்ள ஆட்கள் அசைவார்கள், சிலை அசையாது. வெயிலில் எடுப்பதானால் சற்றுத் தள்ளி ஒரு வெள்ளைத் துணியைப் பிடித்து, நிழற்பக்கத்துக்கு ஒளியைத் திருப்பலாம் என்றும் எழுதி வைத்திருக்கிறார். நான் பெரியவரின் கொடியில் காய்ந்துகொண்டிருந்த வேட்டியை எடுத்து இரண்டு கதிரைகளுக்கு நடுவில் கட்டினேன். யாளியின் வாய்க்குள் இருந்த பல்வரிசை அப்படியே தெரிந்தது. பெரியவர் வந்து போனைப் பார்த்தார், வேட்டியைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். அடுத்த நாள் வேறொரு பழைய வேட்டி எனக்கென்று கிடந்தது.

ஆனாலும் என் படங்களில் அவருக்குத் திருப்தியில்லை. "பிள்ளை, நீ நேரை நிண்டு எடுக்கிறாய். ஆர் உதை நேரை நிண்டு பாக்கப்போயினம்?" என்றார். நியாயம்தான். வாகனம் ஆட்களின் தோளிலோ சகடையிலோ ஏறி வரும். கீழே நிற்கிறவருக்கு அண்ணாந்து பார்த்தால் தாடையும் மூக்குத்துவாரமும் கண்ணின் கீழ் இமையும்தான் தெரியும். அதற்காகவே முகத்தைக் கொஞ்சம் முன்னுக்குக் குனிய வைத்து, கண்ணையும் அளவுக்கு மேல் பிதுக்கி வெட்டுவார். பட்டறை நிலத்தில் வைத்து நேரே பார்த்தால் அந்தக் குதிரைக்கு ஏதோ வருத்தம் மாதிரி இருக்கும். இரவுத் திருவிழாவில், கீழேயிருந்து வரும் வெளிச்சத்தில், சாத்துப்படிக்கு மேலால் அதே முகம் எட்டிப் பார்க்கும்போது பின்னால் ஒதுங்கத் தோன்றும். சூரன் போரில் இன்னும் ஒரு படி மேல்: அந்தச் சிற்பத்தை ஆட்டி ஆட்டித்தான் பார்க்க வேண்டும், தலையை மாற்றி மாற்றித்தான் பார்க்க வேண்டும். ஆடாத சூரனை அருங்காட்சியகத்தில் வைத்து எடுத்த தெளிவான படத்தைவிட, பதினைந்தில் ஒரு விநாடி வேகத்தில் தலை கலங்கிப்போன படம்தான் உண்மைக்குக் கிட்ட என்று நான் வாதாடுவேன். பரிஸ் நகரில் இருந்த சிற்பி பிரான்குசி மற்றவர்கள் எடுத்த படங்கள் பிடிக்காமல் தன் சிற்பங்களைத் தானே படம் எடுக்கத் தொடங்கினார் என்று படித்தபோது கொஞ்சம் பந்தா என்று நினைத்திருந்தேன். பெரியவரைப் பார்த்த பிறகு அப்படி நினைக்க முடியவில்லை.

அந்த நேரத்தில்தான் குதிரை ஓடர் வந்தது. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து போரால் இடம்பெயர்ந்த ஒரு ஊர். பிறகு இராணுவத்திடமிருந்து காணி விடுபட்டுப் போய்ப் பார்த்தால் கோயிலில் கூரையும் இல்லை, வாகனமும் இல்லை. மிச்சமிருந்தது ஒரு கறுப்பு வெள்ளைப் படம். ஒரு குடும்பம் வரிசையாக நிற்க, பின்னால் குதிரை, பாதி உடல் மாலைக்குள். தெரிவது இடப்பக்கம் மட்டும். பழைய குதிரை மாதிரியே வேண்டும் என்றார்கள்.

ஒரு படத்தை அவ்வளவு நேரம் நான் அதுவரை பார்த்ததில்லை. ஸ்கான் பண்ணிப் பெருப்பித்து, கடிவாளத்தின் ஒவ்வொரு வளையத்தையும் வரைந்தேன். மூஞ்சி உடலுக்குப் பொருந்தாமல் பெரிதாக இருந்தது. பழைய சிற்பியின் பாணியாக்கும் என்று குறித்து வைத்தேன். பெரியவர் கண்ணாடியைக் கழற்றி, படத்தை மூக்குக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்துவிட்டு, "உது கமராக்காரன் கிட்ட நிண்டு எடுத்ததால வந்த பெரிசு. அந்தக் கரையில நிக்கிற பெடியன்ர கையைப் பார், அதுவும் பெரிசுதானே" என்றார். நிற்கும் தூரம் குறையக் குறைய, முன்னால் இருப்பது பின்னால் இருப்பதைவிட வேகமாகப் பெருக்கும் என்பதை நான் பாடமாக எழுதிச் சோதனையில் புள்ளி வாங்கியவள். அவருக்கு அது ஒரு பையனின் கையில் தெரிந்தது.

உயரம் எப்படி எடுப்பது? படத்தில் குதிரைக்குப் பின்னால் ஒரு தூண். கோயிலுக்குப் போனேன், அந்தத் தூண் இன்னும் நின்றது, அடியில் சீமெந்து கழன்று, மேலே ஒரு ஆலங்கன்று முளைத்து. அகலத்தை அளந்து, குதிரை தூணுக்கு எவ்வளவு முன்னால் நின்றிருக்கும் என்று ஊகித்து, கணக்குப் பண்ணி ஒரு உயரத்தோடு வந்தேன். பெரியவர் தூணைப் பற்றிக் கேட்கவே இல்லை. வீதியுலா வரும் எழுந்தருளி விக்கிரகம் எவ்வளவு உயரம், அதற்குப் பின்னால் வளைவாக நிற்கும் திருவாசி எவ்வளவு, கோயில் வாசல் எவ்வளவு என்று மூன்றையும் கேட்டார். சுவாமி மேலே இருக்க, திருவாசி இடிபடாமல் வாசலால் வெளியே வர வேண்டும். அதற்கு மேல் குதிரை வளர முடியாது. என் கணக்கும் அவர் கணக்கும் சில அங்குலம் வித்தியாசம். அவருடையதைத்தான் எடுத்தோம்.

இடப்பக்கம் சரி. வலப்பக்கத்துக்கு என்ன செய்வது? இரண்டு பக்கமும் ஒன்றுதானே, திருப்பிப் போட்டால் சரி என்று கணினியில் செய்தும் காட்டினேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. படத்தில் குதிரையின் தலை மெல்ல இடப்பக்கம் திரும்பியிருக்கிறது. அப்படியென்றால் வலப்பக்கக் கழுத்து நீண்டு இழுபட்டிருக்க வேண்டும், பிடரி மயிர் அந்தப் பக்கம்தான் விழுந்திருக்க வேண்டும், வலக் காது முன்னுக்கு வந்திருக்க வேண்டும். இதையெல்லாம் பலகையில் கரிக்கட்டியால் கீறிக்கொண்டே சொன்னார். படம் ஒரு பக்கத்தைக் காட்டிவிட்டு ஒதுங்கலாம். மரத்தை வெட்டுகிறவர் மற்றப் பக்கத்துக்கும் ஒரு முடிவு சொல்லியாக வேண்டும். அந்தப் பிடரி மயிரை அவர் வெட்டிய பின்னேரங்களில் நான் படம் எடுக்க மறந்து நின்றேன். ஒவ்வொரு கற்றையும் அடியில் ஆழமாக, நுனியில் மேலெழுந்து, ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் விலகி. கொட்டாப்புளியின் சத்தம் நுனிக்கு வரும்போது மட்டும் மெலியும். இதை எங்கிருந்து எடுத்தீர்கள் என்று கேட்டேன். "குதிரை தலையைத் திருப்பினா மயிர் வேறை எங்கை போறது?" என்றார். உந்துதல் பற்றி நான் கேட்டதில் எனக்குப் பிடித்த பதில் இதுதான்.

பிறகு ஓடர் தந்த குடும்பத்துக்குள் நிறத்தில் சண்டை வந்தது. வெள்ளை என்றார் ஊரில் இருக்கும் அக்கா. கபிலம் என்றார் கனடாவில் இருக்கும் தம்பி, வீடியோ கோலில், கொஞ்சம் கோபமாகவே. படத்தில் அது சாம்பல். பக்கத்தில் நிற்கிறவரின் வேட்டியோடு ஒப்பிட்டால் குதிரை இருட்டுத்தான். ஆனால் எண்ணெயும் கற்பூரப் புகையும் பட்ட வெள்ளையும் அந்த இருட்டுக்கு வரும். என்னிடம் கேட்டார்கள், படத்தை வைத்துச் சொல்ல ஏலாது என்றேன். ஐயர் வெள்ளை என்று முடித்தார். தம்பி வெள்ளோட்டத்துக்கு வரவில்லை. அது அந்தக் காரணத்தாலா, லீவு கிடைக்காததாலா என்பதில் குடும்பத்துக்குள் இரண்டு கருத்து.

கோயில் மலருக்குப் பழைய படத்தின் அதே கோணத்தில் ஒரு படம் கேட்டார்கள், எடுத்துக் கொடுத்தேன். வர்ணம் பூச முன்பு எடுத்த வலப்பக்கப் படங்களை இறுதியாண்டு வேலைக்கு வைத்திருக்கிறேன். அவற்றைக் குதிரையின் உண்மையான அளவிலேயே அச்சிடச் சொல்கிறார் விரிவுரையாளர். நான் விசாரித்த கடைகளில் அந்த அகலத்துக்குப் பிளெக்ஸ்தான் இருக்கிறது, பிளெக்ஸில் உளித்தடம் மினுங்கிப் போய்விடும். துண்டு துண்டாக மட் தாளில் அடித்து ஒட்டலாமா என்று பார்க்கிறேன். ஒட்டு பிடரி மயிருக்கு நடுவில் வராமல் இருந்தால் சரி.