நிற்கப் பழக்குகிறேன்

மட்டக்களப்பில் டென்னிஸ் ஆடும் பிள்ளைகளுக்கு உடற்தகுதிப் பயிற்சி கொடுப்பது என் வேலை. பெற்றோர் வந்து முதலில் கேட்பது, "சேர், பிள்ளைக்கு ஸ்டமினா காணாது, நல்லா ஓட விடுங்கோ" என்பதுதான். விடிய எழும்பிக் கல்லடிக் கடற்கரையில் ஒரு மணித்தியாலம் ஓடினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை இங்கே பலமாக இருக்கிறது. ஆனால் டென்னிஸில் பெரும்பாலான புள்ளிகள் 10 விநாடிக்குள் முடிந்துவிடும், அதற்குள் பாய வேண்டும், சட்டென்று நிற்க வேண்டும், திரும்ப வேண்டும், பிறகு கூடினால் 25 விநாடி இடைவெளி, மறுபடி அதே வேலை. ஒரே வேகத்தில் நெடுந்தூரம் ஓடிப் பழகிய கால் அந்த நிற்கிற இடத்தில்தான் தடுமாறுகிறது.

அதனால் நான் அதிகம் பழக்குவது நிற்பதைத்தான். சின்னப் பெட்டியிலிருந்து குதித்துச் சத்தமில்லாமல் இறங்குவது, பக்கவாட்டில் பாய்ந்து ஒற்றைக்காலில் அப்படியே நிற்பது, எதிராளி பந்தை அடிக்கப் போகும் நேரத்தில் ஒரு சின்னத் துள்ளல். முழங்கால் உள்ளே சாய்கிறதா என்று முன்னால் நின்று பார்ப்பேன். சாய்ந்தால் அன்றைக்கு வேகம் கூட்டுவதில்லை, யார் கேட்டாலும்.

மாதாமாதம் உயரமும் அளக்கிறேன். பெண்பிள்ளைகள் 12 வயதளவில், ஆண்பிள்ளைகள் 14 வயதளவில் மளமளவென்று வளர்வார்கள். எலும்பு முந்தி நீள, தசை பின்னால் இழுபட, முழங்காலுக்குச் சற்றுக் கீழே வலி வரும், வைத்தியர்கள் ஒஸ்குட்-ஷ்லாட்டர் என்பார்கள். பெரும்பாலும் வளர்ச்சி முடிய அடங்கிவிடும், என்றாலும் அந்த மாதங்களில் குதிப்பையும் ஓட்டத்தையும் குறைக்கத்தான் வேண்டும். நேற்றுவரை ஒழுங்காகப் போன சர்வீஸ் வலையில் விழத் தொடங்குவதும் இந்தக் காலத்தில்தான். அதைச் சோம்பல் என்று பிள்ளையை ஏசும் தகப்பன்மாரைக் கண்டால் எனக்குக் கோபமே வரும். நீண்டுவிட்ட கைகாலுக்கு அந்தப் பிள்ளை பழக வேண்டாமா?

கொழும்பிலிருந்து விடுமுறைக்கு வரும் சிலர் பேடலும் ஆடுகிறார்கள். 1969இல் மெக்சிக்கோவில் தொடங்கிய, டென்னிஸ் போன்ற மட்டை ஆட்டம் அது, ஆடுகளம் 20 மீற்றர் நீளம், 10 மீற்றர் அகலம், பின்னால் கண்ணாடிச் சுவர். சர்வீஸில் பந்தை இடுப்புக்கு மேலே வைத்து அடிக்கக்கூடாது என்பதால் தோளுக்கு அந்தளவு பாரமில்லை, ஆனால் சுவரில் பட்டு வரும் பந்துக்காகக் குனிந்தபடி சுழலச் சுழல இடுப்பும் கீழ்முதுகும் களைத்துப்போகும். இரண்டும் ஆடுகிறவரிடம் கிழமைக்கு மொத்தம் எத்தனை மணித்தியாலம் என்று கேட்பேன், அப்புறம் ரியூசனும் போக நித்திரைக்கு என்ன மிச்சம் என்றும்.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் இன்னும் கவனம் வேண்டும். அந்த வறண்ட காற்றில் வேர்வை உடனே காய்ந்துவிடுவதால் எவ்வளவு தண்ணீர் போகிறது என்று பிள்ளைக்கே தெரியாது. அதனால் பயிற்சிக்கு முன்னும் பின்னும் நிறை பார்க்கிறோம். 2 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தால், அதாவது 40 கிலோ பிள்ளைக்கு 800 கிராம், பின்னேரப் பயிற்சி இல்லை. தண்ணீர், உப்புப் போட்ட தேசிக்காய்ச் சாறு, வயிறு நிறையச் சோறு, பிறகு நித்திரை.